கணவருக்கு யோகோசுகா போஸ்டிங்: கப்பல் கிளம்புவதற்கு முன் நீங்கள் செய்து முடிக்க வேண்டியவை

அமெரிக்கக் கடற்படையில் இருக்கும் கணவருக்கு ஜப்பானின் யோகோசுகா கடற்படைத் தளத்துக்கு (பேஸ்) மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது, நீங்களும் கூடப் போகிறீர்கள் (மனைவி கடற்படை, கணவர் கூடப் போகிறார் என்றாலும் இதே கதைதான்). அப்படியானால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: ஜப்பானில் அந்த வீட்டை நடத்தப் போவது நீங்கள்தான். ஜார்ஜ் வாஷிங்டன் விமானந்தாங்கிக் கப்பலும் அதோடு போகும் டிஸ்ட்ராயர்களும் யோகோசுகாவையே தாய்த் துறைமுகமாகக் கொண்டவை, வருடத்தில் பெரும்பகுதி கடலில்தான் கழியும். வீட்டுப் பத்திரம், கார் பதிவு, சாமான் ஷிப்மென்ட், சம்பளக் கணக்கு எல்லாம் அவர் பெயரில் இருக்கும், அவரோ எந்தக் கடலில் இருக்கிறார் என்றுகூட உங்களுக்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியையும் ஒரே கணக்கில்தான் சொல்லப் போகிறேன்: அவர் ஊரில் இருக்கும்போதே எதை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

1. ஆர்டர் கையில் வந்ததும்: காகிதங்கள்

ஆர்டரில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கமாண்ட் ஸ்பான்சர்ஷிப் என்று ஒன்று உண்டு, குடும்பமும் கூட வரலாம் என்று கடற்படை தரும் அனுமதி. அது கிடைத்தால்தான் பேஸில் வீடு, பள்ளி, மருத்துவமனை, சாமான் அனுப்பும் செலவு எல்லாம் உங்களுக்கும் சேரும். அது இல்லாமல் சொந்தச் செலவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்பான்சர்ஷிப்புக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையோடு ஸ்கிரீனிங் நடக்கும். குழந்தைக்கு சிறப்புக் கல்வியோ தொடர் சிகிச்சையோ தேவைப்பட்டால் அதை மறைக்கவே கூடாது. அங்கே அந்த மருத்துவர் இல்லை என்று பிறகு தெரியவந்தால் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும்.

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு கட்டணமில்லா பாஸ்போர்ட் தனியாகத் தருவார்கள். அதில்தான் சோஃபா முத்திரை விழும். 1960-இல் அமெரிக்காவும் ஜப்பானும் போட்ட படைநிலை ஒப்பந்தத்தைத்தான் எல்லாரும் சோஃபா என்கிறார்கள். நீங்கள் ஜப்பானில் இருப்பதற்கான ஆதாரம் அந்த முத்திரைதான். சாதாரண பாஸ்போர்ட்டையும் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள். சியோலுக்கோ பாலிக்கோ சுற்றுலா போக அது வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்களைப் போல விசா இல்லாமல் இறங்க முடியாது. ஆர்டரை வைத்து ஜப்பானியத் தூதரகத்தில் என்ன வாங்க வேண்டும் என்பதை டிக்கெட் போடும் முன்பே பேஸின் பாஸ்போர்ட் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிரீன் கார்டு போய்விடுமோ என்று எல்லாரும் பயப்படுவார்கள். 2008-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆர்டரில் பெயர் இருந்து கணவரோடு வெளிநாட்டில் இருக்கும் காலம் குடியுரிமை விண்ணப்பத்துக்கு அமெரிக்காவிலேயே வசித்ததாகக் கணக்கில் வரும். ஆகவே ஆர்டரின் நகல் உங்களிடம் என்றென்றும் இருக்க வேண்டும், அவர் மெயிலில் மட்டும் அல்ல. இரண்டு வருட நிபந்தனை கார்டு என்றால் நிபந்தனை நீக்கும் மனுவை ஜப்பானில் இருந்தாலும் உரிய காலத்தில் போட்டே ஆக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் புதுப்பிக்க டோக்கியோ குடான்மினாமியில் நம் தூதரகம் இருக்கிறது. புதுப் புத்தகம் வந்ததும் சோஃபா முத்திரையையும் புதிதாக வாங்க மறக்காதீர்கள்.

2. எதைக் கொண்டுபோகக் கூடாது

முதலில் மருந்துப் பை. கவனக்குறைவுப் பிரச்சினைக்குக் கொடுக்கும் அடெரால் மாத்திரை ஜப்பானில் முழுத் தடை. அமெரிக்க டாக்டர் சீட்டு இருந்தாலும் தடைதான். ஜலதோஷ மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் அளவு இருக்கிறது. தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள் மாற்று மருந்து என்ன என்பதை ஸ்கிரீனிங்கின்போதே பேசி முடியுங்கள்.

நாய், பூனை இருந்தால் ஆர்டர் வதந்தியாக இருக்கும்போதே வேலையை ஆரம்பியுங்கள். ஜப்பான் ரேபிஸ் இல்லாத நாடு. முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு இரண்டு ரேபிஸ் ஊசி, அப்புறம் ரத்தப் பரிசோதனை, அந்த ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு, வந்து சேர 40 நாள் முன்பாக அறிவிப்பு. வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், நாள் குறைந்தால் மீதி நாளை அது நோய்த்தடுப்பு அடைப்பில் கழிக்கும்.

கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் போன்ற பச்சைச் சாமான்களைச் சான்றிதழ் இல்லாமல் பெட்டியில் ஒளித்து எடுத்துப் போகாதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கி விடுவார்கள். இறைச்சி, இறைச்சி கலந்த பொருள் எதுவும் ஆகாது.

கிரைண்டரைப் பற்றி நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். கிழக்குப் பகுதியில், அதாவது யோகோசுகா, டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ். சசேபோ, இவகுனி, ஒகினாவா எல்லாம் 60. இந்தியாவில் வாங்கிய 230 வோல்ட் மிக்ஸி, கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போவது வீண் சுமை. அமெரிக்காவில் விற்கும் 110 வோல்ட் மிக்ஸி ஓடும், கொஞ்சம் சோம்பலாக. வெட் கிரைண்டரின் மோட்டார் வேறு வகை, ஹெர்ட்ஸ் குறைந்தால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், மோட்டாரும் சூடேறும். மாவை இரண்டு தடவையாகப் பிரித்து, நடுவில் ஓய்வு கொடுத்து அரைத்தால் சமாளிக்கலாம்.

3. இறங்கிய முதல் வாரங்கள்

சியாட்டிலிலிருந்து ராணுவமே ஏற்பாடு செய்யும் பேட்ரியாட் எக்ஸ்பிரஸ் விமானம் யோகோட்டா தளத்தில் இறங்கும், அங்கிருந்து பஸ். கையில் வைத்துக்கொள்ளும் பையில் ஆர்டரின் பல நகல்கள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் தடுப்பூசிப் புத்தகம், பள்ளி ரெக்கார்டு. இதெல்லாம் சரக்குப் பெட்டியில் போனால் கடலில் மிதந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் நேவி லாட்ஜ் மாதிரி தற்காலிகத் தங்குமிடம், அதற்கு அலவன்ஸ் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கான அறிமுக வகுப்பில் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு அறையில் இருக்காதீர்கள். அவர் அங்கே ஜப்பானிய ரயில் டிக்கெட் எடுக்கக் கற்றுக்கொண்டு கப்பலுக்குப் போய்விடுவார், பயன்படுத்தப் போவது நீங்கள். குழந்தை பராமரிப்பு மையத்தின் காத்திருப்புப் பட்டியலிலும் இந்த வாரத்திலேயே பெயர் கொடுங்கள்.

4. வீடு: உள்ளேயா வெளியேயா

பேஸ் உள்ளே கோபுர அடுக்குமாடிகள் இருக்கின்றன. இகெகோவில் தனிக் குடியிருப்பு இருக்கிறது, அங்கிருந்து பேஸுக்கு வந்து போக வேண்டும். உள்ளே காலி இருந்தால் அதைத்தான் ஏற்க வேண்டும் என்ற விதி சில சமயம் நடைமுறையில் இருக்கும், ஹவுசிங் அலுவலகத்தில் அப்போதைய நிலையைக் கேளுங்கள்.

வெளியே வீடு எடுத்தால் முன்பணம் (ஷிகிகின்), வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத அன்பளிப்புப் பணம் (ரெய்கின்), தரகு மூன்றும் சேர்ந்து தலை சுற்றும். ஆனால் திரும்ப வராத செலவுகளுக்குத் தனி அலவன்ஸ் இருக்கிறது, முன்பணத்துக்கு அட்வான்ஸ் வாங்கலாம். வெளிநாட்டு வீட்டு வாடகை அலவன்ஸ் அமெரிக்காவில் கிடைப்பது போல மொத்தமாக வருவதில்லை, நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகைதான் வரம்புக்குள் கிடைக்கும். மலிவான வீடு பிடித்து மிச்சம் பிடிக்கலாம் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது. வரம்புக்குள் நல்ல வீடாகப் பாருங்கள்.

என் கருத்து: சின்னக் குழந்தை இருந்து, அடுத்த சில மாதத்தில் கப்பல் கிளம்புகிறது என்றால் உள்ளேயே இருங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனை நடந்து போகும் தூரம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கணவர் அதே கப்பலில். குழந்தை இல்லை, அல்லது பெரிய பிள்ளைகள், ஜப்பானில் வாழ வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருக்கிறது என்றால் வெளியே போங்கள். வெளியே வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது, ஜனவரியில் சமையலறையில் மூச்சு புகையாகும், ஜூன் மழைக்காலத்தில் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். வாடகைக்கு முன் சுவரோர அலமாரிகளைத் திறந்து மோந்து பாருங்கள். சமையலறையில் அடுப்பு வைப்பதற்கு வெறும் இடம்தான் இருக்கும், அடுப்பு இருக்காது. கட்டில், சோபா, வாஷிங் மெஷினை ஹவுசிங் அலுவலகத்தில் தற்காலிகமாகக் கேட்டுப் பாருங்கள்.

குப்பை விஷயத்தில் விளையாடாதீர்கள். எரிப்பது, பிளாஸ்டிக், பெட் பாட்டில், டப்பா, கண்ணாடி என்று வகை பிரித்து, அதற்குரிய நாளில் காலையில்தான் வைக்க வேண்டும், காக்கைக்காக வலை போட்டு மூட வேண்டும். தவறாக வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிடுவார்கள், தெருவே பார்க்கும். நகராட்சிக் காலண்டரை ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். குடிவந்ததும் இரு பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஒரு சின்ன இனிப்புப் பெட்டியோடு போய்த் தலை வணங்கிவிட்டு வாருங்கள், அதற்கு மொழி வேண்டாம்.

டிவி வரி கேட்டு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே-யின் ஆள் வரலாம். சோஃபா குடும்பங்கள் கட்ட வேண்டியதில்லை என்பது அமெரிக்கப் படையின் நிலைப்பாடு, ஜப்பான் ஒப்புக்கொள்வதில்லை. கதவருகே நின்று எதிலும் கையெழுத்துப் போடாமல் அடையாள அட்டையைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

5. கார், லைசென்ஸ்

லைசென்ஸ் முதல் மாதத்திலேயே. பேஸில் வகுப்பு, எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டுதல். முடிந்ததும் படைப் பிரிவு தரும் தனி லைசென்ஸ். அமெரிக்க மாநில லைசென்ஸ் காலாவதியாகாமல் வைத்துக்கொண்டு வாருங்கள். சென்னையிலோ மதுரையிலோ ஓட்டிய கை என்றால் இடது பக்கம் புதிதல்ல, உடன் வந்த அமெரிக்கப் பெண்கள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுக்கொண்டு திரும்பும்போது நீங்கள் சிரிக்கலாம். ஆனால் ஹார்னை மறந்துவிடுங்கள். ரயில் பாதையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும், கேட் திறந்திருந்தாலும், முழுதாக நின்றுதான் போக வேண்டும். சிவப்பு விளக்கில் இடது பக்கம் திரும்பலாம் என்பது கிடையாது.

அமெரிக்காவிலிருந்து கார் கொண்டுவருவதை மறந்துவிட்டு ஊர் திரும்பும் குடும்பத்திடம் பழைய கார் வாங்குங்கள். 660 சிசி மஞ்சள் பிளேட் சின்னக் கார் வரியிலும் மலிவு, யோகோசுகாவின் மலைச் சந்துகளிலும் நுழையும். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஷாக்கென் என்ற இரண்டு வருடப் பரிசோதனை எப்போது முடிகிறது? அடுத்த மாதம் முடிகிறது என்றால் மலிவு விலை மலிவு இல்லை. கட்டாயக் காப்பீடு தவிர தனியார் காப்பீடும் எடுக்க வேண்டும். வெளியே குடியிருந்தால் கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் சான்று வேண்டும், அதுவும் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள். உங்கள் நம்பர் பிளேட்டில் ஜப்பானிய எழுத்துக்குப் பதில் ஓர் ஆங்கில எழுத்து (சாதாரணக் காருக்கு ஒய்) இருக்கும், நீங்கள் யார் என்று ஊருக்கே தெரியும், அதற்கேற்ப ஓட்டுங்கள்.

6. கப்பல் கிளம்பும் முன் வாரம்

இதுதான் முக்கியமான படி. பவர் பத்திரம் போடுங்கள். பொதுப் பவர் ஒன்று போதும் என்று நினைக்காதீர்கள், பல அலுவலகங்களில் அதை ஏற்க மாட்டார்கள். கார் வாங்க-விற்க-பதிய ஒன்று, வீட்டை ஏற்க-ஒப்படைக்க ஒன்று, சாமான் ஷிப்மென்டுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, குழந்தைகளின் பாஸ்போர்ட்டுக்கான சம்மதம் ஒன்று. பேஸ் சட்ட அலுவலகத்தில் இலவசமாகவே போட்டுத் தருவார்கள். ஒவ்வொன்றிலும் முடியும் தேதியைப் பாருங்கள். அவர் திரும்பும் தேதியைவிடச் சில மாதம் தாண்டி இருக்கட்டும், கப்பல் சொன்ன நாளில் வந்ததாக வரலாறு குறைவு.

உங்கள் ராணுவ ஐடி அட்டை எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அவர் இல்லாமல் புதுப்பிக்க அவர் கையெழுத்திட்ட படிவமோ பவரோ வேண்டும். அது இல்லாவிட்டால் பேஸ் கேட்டுக்கு வெளியே நிற்பீர்கள்.

வங்கிக் கணக்கு கூட்டாக இருக்கட்டும். ஜப்பானிய வங்கிக் கணக்கு, தவணை, கிரெடிட் கார்டு எல்லாம் உங்களுக்குக் கடினம், ஏனென்றால் மற்ற வெளிநாட்டவரிடம் இருக்கும் வசிப்பிட அட்டை சோஃபா ஆட்களுக்குக் கிடையாது, நகராட்சிப் பதிவிலும் நீங்கள் இல்லை. ஃபோன் இணைப்பை பேஸ் உள்ளே இருக்கும் கடையில் வாங்கினால் ராணுவ ஐடியே போதும், உங்கள் பெயரிலேயே வாங்குங்கள்.

கப்பலின் ஓம்பட்ஸ்மேன் யார் என்று பெயர், எண் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பெரும்பாலும் கடற்படையில் இருக்கும் இன்னொருவரின் மனைவியோ கணவரோதான், கப்பலுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் பேச நியமிக்கப்பட்டவர். வீட்டில் இறப்பு மாதிரி அவசரச் செய்தி என்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் போனால் கப்பல் தளபதி விடுமுறையைப் பரிசீலிப்பது எளிது, இந்தியாவில் இருக்கும் மாமியாருக்கும் உங்கள் அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் வாய். கப்பல் எப்போது கிளம்புகிறது, எந்தத் துறைமுகத்துக்கு, எப்போது திரும்பும் என்பதை ஃபேஸ்புக்கிலோ சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவிலோ எழுதாதீர்கள். சித்தப்பா பெருமைக்காக ஃபார்வர்டு பண்ணிவிடுவார்.

7. தினசரி: தபால், கடை, கறிவேப்பிலை

உங்கள் தபால் முகவரி எஃப்பிஓ (கடற்படைத் தபால் நிலையம்) என்று அமெரிக்க முகவரியாகவே இருக்கும், அமெரிக்க உள்நாட்டுக் கட்டணம்தான். லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம் மாதிரிப் பொருள்கள் வராமல் மாட்டும். பேஸின் மளிகைக் கடையான கமிசரியில் டாலர், கேட் தாண்டினால் யென்.

சமையலுக்கு: பருப்பு, மஞ்சள், சீரகம் கியோமு சூப்பர் என்ற ஜப்பானிய மளிகைக் கடையில் கிடைக்கும். முழு மளிகைக்கு டோக்கியோதான். யோகோசுகா-சூவோ நிலையத்திலிருந்து கெய்க்யூ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஷினாகாவா, பல ரயில்கள் அப்படியே அசகுசா பாதையில் தொடரும். நிஹோம்பாஷியில் இறங்கி தோசாய் பாதைக்கு மாறினால் நிஷி-கசாய். இந்தியக் குடும்பங்கள் கூட்டமாக வாழும் இடம், இட்லி அரிசி, உளுந்து, புளி எல்லாம் கடைகளில் பார்க்கலாம். ஷின்-ஓகுபோவின் ஹலால் கடைச் சந்தில் கறிவேப்பிலை, உறைந்த தேங்காய்த் துருவல். ஜப்பானிய அரிசியில் இட்லி ஒட்டும், சாதத்துக்குப் பழகிக்கொள்ளுங்கள், இட்லிக்கு வேண்டாம். சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும்.

சுற்றிப் பார்க்க ஜேஆர் ரயில் பாஸ் சோஃபா முத்திரைக்காரர்களுக்குக் கிடையாது, அது சுற்றுலாப் பயணிகளுக்கானது. பணம் போட்டு வைத்து ரயிலில் பயன்படுத்தும் சுய்கா அல்லது பாஸ்மோ அட்டையே போதும்.

8. சட்டம்

கணவர் தவறு செய்தால் சில வழக்குகளில் அவர்மேல் ராணுவச் சட்டமும் பாயும். உங்கள் மேல் பாயாது, நீங்கள் சிவிலியன். கேட்க நிம்மதியாக இருக்கும், ஆனால் நடைமுறையில் கேட்டைத் தாண்டினால் நீங்கள் முழுக்க ஜப்பானியச் சட்டத்துக்குள் என்று அர்த்தம். அங்கே குற்றம் சாட்டும் முன்பே 23 நாள் வரை காவலில் வைக்கலாம். குடித்துவிட்டு ஓட்டுவதில் ரத்த அளவு வரம்பு 0.03 சதவீதம், ஒரே ஒரு பியர் தாண்டிவிடும், பக்கத்தில் உட்கார்ந்து வந்தவரும் மாட்டுவார், சைக்கிளும் சேர்த்தி. பேஸில் வரியில்லாமல் வாங்கிய சிகரெட்டையோ மதுவையோ ஜப்பானியத் தோழிக்கு விற்பது சுங்கக் குற்றம், அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு முன்பும் விதியைக் கேளுங்கள்.

9. வேலை

பேஸ் உள்ளே கடை, பள்ளி, குழந்தை மையம், அலுவலகம் எல்லாவற்றிலும் துணைவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் போட்டியும் அதிகம். வெளியே ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பலர் போகிறார்கள். அந்தச் சம்பளத்துக்கு ஜப்பானிய வருமான வரி உண்டு, சோஃபா அதைக் காப்பாற்றாது, கையெழுத்துக்கு முன் சட்ட அலுவலகம் போங்கள். அமெரிக்க நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை என்றாலும் அதே அலுவலகம். பேஸ் வீட்டிலிருந்து பரதநாட்டிய வகுப்பு, கேக் வியாபாரம் எதுவானாலும் தளபதி அனுமதி வேண்டும், எஃப்பிஓ தபாலை வியாபாரச் சரக்குக்குப் பயன்படுத்தக் கூடாது. படிக்க நினைத்தால், கணவரின் ரேங்க் தகுதிக்குள் இருந்தால், துணைவர்களின் படிப்புக்கு உதவும் மைகா திட்டத்தில் 4,000 டாலர் வரை கிடைக்கும். அவர் கடலில் இருக்கும் மாதங்களுக்கு அதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

10. உடம்பு, நிலநடுக்கம்

பேஸ் மருத்துவமனையில் இல்லாத சிகிச்சைக்கு ஜப்பானிய மருத்துவமனைக்கோ ஹவாயின் டிரிப்ளர் ராணுவ மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். வெளியே ஆம்புலன்ஸுக்கு 119. உங்கள் முகவரியை ஜப்பானிய எழுத்தில் அச்சடித்துக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். இங்கே பிறக்கும் குழந்தைக்கு ஜப்பானியக் குடியுரிமை வராது. அமெரிக்கத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கி, சோஃபா முத்திரையும் வாங்க வேண்டும், அப்பா கடலில் இருந்தால் இதற்கும் அவர் சம்மதப் படிவம் முன்கூட்டியே.

நிலநடுக்கம் வரும். 2011 மார்ச்சில் கிழக்கு ஜப்பான் ஆடியபோது யோகோசுகாவில் பராமரிப்பில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டன் கப்பலே அந்த மாதம் 21-ஆம் தேதி துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. விரும்பிய குடும்பங்களை ஆபரேஷன் பசிஃபிக் பேசேஜ் என்ற பெயரில் அரசு விமானம் ஏற்றியது. அந்த மாதிரி நாளில் வரிசையில் நிற்கப் போவது நீங்களும் குழந்தைகளும் மட்டும். அதனால் வெளியேற்றக் கோப்பு ஒன்றை எப்போதும் தயாராக வையுங்கள்: பாஸ்போர்ட்டுகள், ஆர்டர், பவர் பத்திரங்கள், தடுப்பூசி ரெக்கார்டு, யெனும் டாலரும் ரொக்கமாக, கண்ணாடி, ஒரு மாத மருந்து. தண்ணீர், டார்ச், குழந்தை உணவு மூன்று நாளுக்குக் குறையாமல். உயரமான அலமாரியைச் சுவரோடு கட்டுங்கள். சுனாமி என்றால் எந்த மேட்டுக்கு நடப்பது என்று குழந்தைகளோடு ஒரு ஞாயிறு நடந்து பாருங்கள். ஃபோன் கிடைக்காதபோது செய்தி பதிவு செய்ய 171 என்ற எண் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதைப் பரிசோதித்துப் பார்க்க விடுவார்கள், அந்த நாளில் ஒரு முறை பழகுங்கள்.

11. திரும்பும்போது

அடுத்த ஆர்டர் வரும்போதும் அவர் கடலில் இருக்கலாம். காரை விற்று மாற்றியோ பதிவை ரத்து செய்தோ ஆக வேண்டும், கேட்டருகே நிறுத்திவிட்டுப் போனால் பில் தேடி வரும். ஃபோன் ஒப்பந்தம், கேஸ், தண்ணீர் மூன்றையும் நீங்களே நேரில் போய் முடியுங்கள். வெளியே எடுத்த வீடென்றால் குடிவந்த அன்று எடுத்த சுவர், தரை புகைப்படங்களைத் தேடி வையுங்கள், முன்பணத்திலிருந்து பழைய கீறலுக்கெல்லாம் பிடிக்கப் பார்த்தால் அவைதான் பேசும்.